சிலுவையை விட உயர்ந்த கம்பம்

நெடுந்தீவின் மேற்குக் கரையில் எங்கள் கோயில் கோபுரத்தின் சிலுவைக்கு மேலே எதுவும் நிற்கக்கூடாது. அது எழுதி வைத்த சட்டமில்லை. கடலால் திரும்பி வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது அந்தச் சிலுவைதான். கண்டவுடன் தலைத்துண்டை அவிழ்த்து நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவார்கள். வெளிநாட்டுக் காசில் மாடி கட்டியவர்கள்கூட அதற்குக் கீழேதான் கட்டினார்கள். நானும் அதை மதித்து வளர்ந்தவள்தான்.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் படகுகளுக்கு டிஜிட்டல் றேடியோ எடுத்துக் கொடுத்தது. காற்று எச்சரிக்கையும் காலைச் செபமும் அதில் வரும். யாழ்ப்பாணப் பக்கத்திலிருக்கும் பெரிய ஒலிபரப்புக் கோபுரத்தின் அலை எங்கள் கிழக்குக் கரைக்கு நன்றாக வருகிறது, மேற்கே வர வர மெலிந்துவிடுகிறது. அதனால் எங்கள் பக்கம் ஒரு சின்ன ஒலிபரப்புக் கருவியும் உயரமான கம்பமும் வைக்க வேண்டுமென்று றேடியோ பொருத்த வந்த தம்பி சொன்னார். பெரியதும் சின்னதும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒன்றையே சொல்லுமாம். கோயிலில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து விசுவாச மந்திரம் சொல்வதைப்போல என்று நான் விளங்கிக்கொண்டேன். வாய் பல, சொல் ஒன்று.

கோயில் கோபுர உச்சியில் கம்பத்தைக் கட்டக் கேட்டார். கோயில் அலுவல்களைப் பார்க்கும் மூப்பர் மறுத்துவிட்டார். அவர் என் கணவரின் தமையன், எனக்கு அத்தான். சிலுவைக்குக் கீழே, கிழக்குச் சுவரோடு கட்டச் சொன்னார். ஆண்டவரின் காலடியில் இருந்தால் ஆசீர்வாதமும் சேரும் என்றார். கல்லுச் சுவர் மேற்குக் கடலை மறைக்கும், உயரமும் போதாது என்று அந்தத் தம்பி சொல்லிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை, அங்கேயே கட்டினார்கள். அன்றைக்கு நானும் வாய் திறக்கவில்லை, அத்தான் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

பழைய றேடியோ தூரம் போகப் போக இரையும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து சொல்லைப் பொறுக்கி எடுத்துப் பழகியவர்கள் எங்கள் ஆட்கள். இந்தப் புதியது இரையாது. அலை போதுமான மட்டும் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல் கேட்கும், போதாவிட்டால் ஒரேயடியாக நின்றுவிடும். இரைச்சல் இல்லாதபடியால் அலை இருக்கிறது, சொல்லத்தான் ஒன்றுமில்லை என்று எங்கள் ஆட்கள் நினைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலை காற்று எச்சரிக்கை வந்தது. கிழக்கே நின்ற படகுகள் கேட்டுத் திரும்பிவிட்டன. என் கணவர் மேற்கே வலை விட்டிருந்தார். நான் கரையில் நின்று செபமாலை உருட்டினேன். பின்னேரம் ஒரு பக்கப் பலகை உடைந்த படகோடு, வலையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்.

"றேடியோ கேக்கேல்லையோ?" என்றேன்.

"அது அமைதியா இருந்தது. கடலும் அமைதி எண்டு நினைச்சுப் போட்டன்."

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் நடந்தபோது எழும்பி நின்றேன். பெண்கள் பக்கத்தில் என் சீலையைப் பிடித்து இழுத்தார்கள். கம்பத்தை உச்சிக்கு ஏற்ற வேண்டும் என்றேன்.

"நீர் இரும் பிள்ளை," என்றார் அத்தான். "கடலாலை வாறவன் இரும்புக் கம்பியைப் பாத்தோ கும்பிடுறது?"

"அவன் வந்து சேந்தால்தானே அத்தான் கும்பிடுறதுக்கு. ஆண்டவர் எங்களுக்காகத் தன்னைத் தாழ்த்தினவர். ஒரு கம்பி மேலை நிண்டா அவர் குறைஞ்சு போவாரோ?"

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தானுக்கு முகம் கறுத்துப்போனது.

"அவ்வளவு ஆசையெண்டா உம்மடை வளவுக்கை நடும்."

"ஓம், நடுறன்."

கோபத்தில் சொன்னதுதான், ஆனால் பின்வாங்கவில்லை. எங்கள் வீட்டு வளவு மேற்குக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது, இடையில் சுவரோ மரமோ இல்லை. பொருத்துகிற தம்பிக்குச் சொல்லியனுப்பினேன். சங்கமும் சம்மதித்தது. குசினிக்குப் பின்னால் கிடங்கு வெட்டி, இன்னும் நீளமான கம்பம் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார்கள். சிலுவையை விட உயரமாகத்தான் நின்றது. அடுத்த நாள் என் கணவர் மேற்கே போய், வழக்கமாக வலை விடும் இடத்தில் காலைச் செபம் முழுவதையும் கேட்டுவிட்டு வந்தார்.

ஊர் கதைத்தது. ஆண்டவரை விடப் பெரிய வீட்டுக்காரி என்று கிணற்றடியில் பட்டம் வைத்தார்கள். அத்தான் எங்கள் படலை திறந்து வருவதை நிறுத்திக்கொண்டார். அவருடைய மகன்மாரும் மேற்கேதான் தொழிலுக்குப் போகிறார்கள், என் வளவிலிருந்து போகும் சொல்லைக் கேட்டுத்தான் திரும்புகிறார்கள். அதை அவரிடம் நான் சொல்லிக் காட்டியதில்லை. அவருக்குத் தெரியும்.

போன பெருநாளுக்கு முன் இரண்டு பேரைச் சமாதானத்துக்கு அனுப்பியிருந்தார். கம்ப நுனியில் ஒரு சின்னச் சிலுவை பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், தானும் வீட்டுக்கு வருவேன் என்றாராம். அவர்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன்.

"அது கும்பிடுற சுருவமில்லை, றேடியோக் கம்பி," என்றேன். "சிலுவை பூட்டினா நாளைக்கு அதுக்கும் மெழுகுதிரி கொளுத்துவீங்கள். பிறகு பழுதெண்டாலும் ஒருத்தரும் ஏறிக் கைவைக்க ஏலாது. கும்பிடக் கோயில் இருக்கு. இதை இப்பிடியே விடுங்கோ."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அத்தான் இன்னும் வரவில்லை. கம்பம் வெறும் கம்பமாகத்தான் நிற்கிறது.