மூடிய கதவுக்குள் மல்லாட்டை

செத்துப்போனவர்களுக்குச் சளி பிடிக்குமா என்று நான் கேட்டபோது எனக்கு எட்டு வயது. அத்தை சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அன்று அப்பாவுக்குக் காரியம். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சியதை நான் ஒருத்திதான் கேட்டிருந்தேன்.

அப்பா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பஸ்ஸாக ஏறி, வேகவைத்த மல்லாட்டை விற்று மேலே வந்தவர்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. கூடவே கூடை தூக்கியவர் அவருடைய தம்பி, என் சித்தப்பா. பிற்பாடு அப்பா ஊருக்கு வெளியே மல்லாட்டை உடைக்கும் மில் வைத்தார். அதை ஒட்டியே வீடும் கட்டினார். எத்தனை லாரி காத்துக் கிடந்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தால்தான் கை நனைப்பார். சாப்பிட்டு முடித்ததும் மடியிலிருந்து மல்லாட்டையை எடுத்து எனக்கு உரித்துத் தருவார். கட்டைவிரலால் ஓர் அழுத்து, பருப்பு வெளியே வந்துவிடும். காலித் தோலை மட்டும் கீழே போடமாட்டார். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீளமாக வைப்பார். பஸ்ஸுக்குள் தோல் கிடந்தால் கண்டக்டர் இறக்கிவிடுவார் என்ற சிறுவயதுப் பயம், முதலாளியான பிறகும் அவர் விரலை விட்டுப் போகவில்லை.

சித்தப்பா விழுப்புரத்தில் தனியாக மில் போட்டதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அப்பா போன அன்று அவர் தன் சிவப்பு பைக்கில் நேராகச் சுடுகாட்டுக்கு வந்தார், அப்படியே திரும்பிப் போனார். வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. ரோஷக்காரர் என்றார்கள்.

எங்கள் கவலையெல்லாம் அம்மாதான். அப்பா சாப்பிடாமல் ஒரு நாளும் சாப்பிட்டறியாதவள். அவர் போனதிலிருந்து டீத்தண்ணியைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்தது இவள்தான் என்று உறவுக்காரர்கள் எனக்குக் கேட்காத மாதிரி பேசினார்கள். எனக்கு நன்றாகவே கேட்டது.

பொழுது சாயும் நேரத்தில் அப்பாவின் அறையில் படையல் போட்டார்கள். தலைவாழை இலையில் கேப்பைக் களி, கத்திரிக்காய்க் குழம்பு, ஒரு குவியல் வேகவைத்த மல்லாட்டை. விளக்கேற்றிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது, அது எங்கள் வீட்டு வழக்கம். அறைக்கு மில் முற்றத்தைப் பார்த்து இன்னொரு கதவு இருந்தது. அப்பா எப்போதும் வரும் வழி என்பதால் அதை மட்டும் தாழிடாமல் விட்டிருந்தார்கள்.

நான் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மில் ஓடவில்லை. அப்போது உள்ளே 'டப்' என்று மெல்லிய சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மல்லாட்டை உடைகிற சத்தம் எனக்குத் தெரியாதா? கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அப்பாவின் கை. அதே கறுத்த மணிக்கட்டு, அதே தட்டைக் கட்டைவிரல். காலித் தோலை எடுத்து, நிதானமாக முந்தின தோலுக்குள் செருகியது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அத்தையிடம் ஓடிப்போய், செத்துப்போனவர்களுக்குச் சளி பிடிக்குமா என்று கேட்டது அப்போதுதான்.

கதவைத் திறந்தபோது அறையில் யாரும் இல்லை. களியில் ஒரு விள்ளல் குறைந்திருந்தது. இலையோரம் தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டு கிடந்தன. பெரியவர்களே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அத்தைதான் முதலில் சுதாரித்தாள். "அண்ணி, அண்ணன் வந்து துன்னுட்டுப் போயிட்டாரு. இன்னும் நீங்க பட்டினி கெடந்துகினு இருந்தா அவரு மனசு கேக்குமா? ஒரு வாய் துன்னுங்க."

அம்மா அந்தத் தோல் வரிசையை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதே இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மிச்சக் களியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். அழுதுகொண்டேதான், ஆனாலும் வயிறாரச் சாப்பிட்டாள். எனக்கு அந்தச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு போர்வைக்கு வெளியே காலை நீட்டியதில்லை.

அடுத்த வருஷத் திதிக்கு அம்மா அதே அறையில் இரண்டு இலை போட்டாள். மில் பக்கத்துக் கதவைத் தானே போய் அகலத் திறந்து வைத்தாள். எதற்கம்மா இரண்டு என்று கேட்டேன்.

"ஒரே எலையில ரெண்டு பேரு துன்னா எப்பிடிடீ பத்தும்?" என்றாள்.

அப்பா அங்கே போயும் யாரையோ கூட்டுச் சேர்த்துக்கொண்டார், இந்தத் தடவை இரண்டு பேயாக வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். கதவைச் சாத்தியதும் பயம் தாங்காமல் வெளியே ஓடினேன். மில் முற்றத்தில் சித்தப்பாவின் சிவப்பு பைக் நின்றிருந்தது. அப்பாடா, சித்தப்பா வந்துவிட்டார், அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் எந்தப் பேயும் கிட்டே வராது என்று அவரைத் தேடி வீடு முழுக்க ஓடினேன். அந்த ஓர் அறையைத் தவிர.