போடாத ஊசி

லிப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். இரண்டு வருடம் டயாலிசிஸில் கிடந்தவர்; ஊசிக்கு அஞ்சுகிற ஆள் அல்ல. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஃப்ளூ தடுப்பூசிச் சீட்டை மட்டும் பத்து நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்தான் காரணம். "தடுப்பூசி உடம்போட எதிர்ப்பைத் தட்டி எழுப்பும். எழுந்ததும் முதல்ல யாரை விரட்டும்? புதுசா குடிவந்த கிட்னியைத்தான்!" மோட்டார் அறையில் அவன் விளையாட்டாகச் சொன்னது இவருக்குள் ஆணியாக இறங்கிவிட்டது. கிட்னி தங்கை கொடுத்தது. சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள் அவள்.

வீட்டில் அவள் கேட்டபோது, "போட்டாச்சு, போட்டாச்சு" என்று தோளைத் தேய்த்துக் காட்டினார். அவள் நம்பி, இரண்டு நாள் அவரைத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கவிடவில்லை.

மருத்துவரிடமும் அதே பொய்தான். ஒரு மாதம் கழித்து, ஊசி எவ்வளவு பலித்தது என்று பார்க்க மருத்துவர் ரத்தம் எடுத்தார். முடிவு கேட்கத் தங்கையும் வந்திருந்தாள்.

"எதிர்ப்பு சக்தி கொஞ்சம்கூட ஏறல," என்றார் மருத்துவர். "கவலைப்படாதீங்க. கிட்னி மாத்தினவங்க சாப்பிடுற மாத்திரை எதிர்ப்பை அடக்கி வைக்குது. அதனால சிலருக்கு ஊசி சரியா பிடிக்காது. இன்னொண்ணு போட்டுப் பார்க்கலாம்."

பொய்க்கு மருத்துவரே குடை பிடித்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி வாசலைத் தாண்டவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த தங்கை, "என் கிட்னியில ஏதாவது குறையாண்ணா? சின்ன வயசுல எனக்கு அடிக்கடி காய்ச்சல் வருமே, அதனாலயா?" என்றாள்.

கொடுத்தவள் தன்மேல் பழி தேடுகிறாள். வாங்கியவருக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் ஊசியே போடலம்மா." தரையைப் பார்த்துத்தான் சொன்னார். எலக்ட்ரீஷியன் பேச்சையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனப்போ எனக்கும் பயம்தான். உங்கிட்ட சொன்னேன்ல?"

ஐம்பது வயதில் அவருக்குக் காது மடல் சுட்டது. உள்ளே போய் மருத்துவரிடமும் உண்மையைச் சொன்னார். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "எலக்ட்ரீஷியனை நம்பினீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கலையே. கிட்னிக்கு ஆபத்து ஊசியால இல்ல, ஃப்ளூ வந்தாத்தான்."

அன்றே ஊசி போட்டார்கள். அடுத்த மாத ரத்தத்தில் எதிர்ப்பு ஏறியிருந்தது. மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு இல்லை. "உங்களுக்கு இவ்வளவு ஏறினதே நல்லது. வீட்டுல இருக்கறவங்களும் போட்டுக்கணும்," என்றார் மருத்துவர். அண்ணனுக்குத் தொற்றிவிடக் கூடாதென்று, சீட்டு எழுதிக் கொடுத்த முதல் வாரமே தங்கை போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் வருடம் தவறாமல் போட்டுக்கொள்கிறார். தங்கையும் கூட வருகிறாள், சிரித்துப் பேசுகிறாள், ஒரு குறையும் வைப்பதில்லை. ஆனால் ஊசி முடிந்ததா என்று நர்ஸிடம்தான் கேட்கிறாள். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வேறெங்கோ பார்த்துக்கொள்கிறார்.