முத்துமாரிக்குத் துளை போட்டவர்கள்

இந்த ஊரில் எல்லாருமே தாம் வரைந்த படத்தைக் காட்டுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். ஓவியக் குழுவுக்கு நான் போன முதல் புதன்கிழமை, ஆலன் என்கிற ஓய்வுபெற்ற பிளம்பர் தன் வாட்டர்கலர் படத்தை மேசைமேல் வைத்து, இது வெறும் குப்பை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். சுற்றி நின்றவர்கள் அருமை, அருமை என்றார்கள். பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார். கேட்கிறாரே என்று, வானம் கொஞ்சம் சேறாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். யாரோ தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "அவுக குப்பைன்னு சொன்னா நீங்க இல்லைன்னு சொல்லணும். அதுக்குத்தான் சொல்றாக."

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். செல்வி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்கு விசா வாங்கி வந்தாள். அவள் கணவன் என்ற தகுதியில் நான் வந்தேன். காலை ஆறிலிருந்து பிற்பகல் இரண்டு வரை மீன் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் வேலை. பனிக்கட்டிக்குள் கையை விட்டு விட்டு எடுப்பதில், கையுறை இருந்தும் மதியத்துக்குள் விரல்கள் யாருடையவோ போல ஆகிவிடும். வீட்டுக்கு வந்து படுத்தால் இருட்டியபின்தான் விழிப்பு. வேலை, தூக்கம், வேலை என்று இருந்தால் மனுசன் என்னத்துக்கு ஆவான் என்று சொல்லி, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் கூடுகிற இந்தக் குழுவுக்கு என்னைத் தள்ளிவிட்டவள் செல்விதான். நான் மீன் வாடையோடு போய் ஹீட்டர் அருகில் உட்கார்வேன். முதல் சில வாரங்கள் பாதி நேரம் தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.

குழுவின் வழக்கம் எளிமையானது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் தனக்குத் தெரிந்த கைவேலையை மற்றவர்களுக்குக் காட்டுவார். ஜீன் என்கிற மூதாட்டி கம்பளி நூலை ஊசியால் குத்திக் குத்திப் பறவைகள் செய்வார். ஆலன் ஈரத்தாளில் நிறம் பரவவிடுவதைக் காட்டினார். கூட்டத்தை நடத்தும் மார்கரெட், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, பெயிண்டர் என்றேன். அடுத்த வாரம் ஆலன் தன் தோட்டத்துக் கொட்டகையைப் போனில் படமாகக் காட்டி, சனிக்கிழமை வர முடியுமா, எத்தனை கோட்டிங் தேவைப்படும் என்று விசாரித்தார். நான் சுவருக்கு அடிப்பவன் இல்லை, படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவன் என்று புரியவைக்க இரண்டு புதன்கிழமைகள் ஆயின. புரிந்ததும் மார்கரெட்டுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு வாரம் நீங்கள் காட்டவேண்டும் என்றார். பார்க்கலாம் என்றேன். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அவர் டைரியை எடுத்து, எந்தத் தேதி என்று கேட்டார். அன்றைக்குத் தப்பித்தேன். அப்படியே நான்கு மாதம் தப்பித்தேன்.

நான் கடற்கரைக்காரன் அல்லன். நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பம். எழுத்து நன்றாக வரும் என்பதால் இருபத்தோரு வயதில் தேவிபட்டினத்துக்கு வந்து, கரையில் ஏற்றிவைத்த படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதத் தொடங்கினேன். நீச்சல் தெரியாது. முழங்கால் அளவுக்கு மேல் கடலில் இறங்கியது இல்லை. ராசு என்ற மீனவர்தான் அங்கே எனக்கு முதல் சிநேகிதர். கடலுக்குப் பயப்படுகிறவன் கையால்தான் என் வள்ளத்துக்குப் பேர் என்று கரையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவருடைய நாட்டுப்படகுக்கு மகளின் பெயரை எழுதினேன். முத்துமாரி. வெள்ளை எனாமல் மேல் சிவப்பு. அந்த ‘ரி’யின் மேல்வளைவை மட்டும் நான் மற்றவர்களைப் போல் சுருக்கமாக முடிக்க மாட்டேன். படகின் மூக்கு வரைக்கும் இழுத்து விடுவேன். அது என் கையெழுத்து மாதிரி. முனியசாமி எழுத்து என்று தூரத்திலிருந்தே கரைக்காரர்கள் சொல்வார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காற்றுக்காலத்தில் ராசுவும் உடன் போன ஒருவரும் திரும்பவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் தேடிப் போயிருந்தன. ஐந்தாம் நாள் உப்பூர்ப் பக்கம் ஒரு பலகை ஒதுங்கியிருக்கிறது என்று என்னைக் கூட்டிப்போனார்கள். மணலில் சாய்த்து வைத்திருந்தார்கள். ‘முத்து’ உடைந்து போய்விட்டது. ‘மாரி’ மட்டும் இருந்தது. அந்த நீண்ட வளைவு, பலகையின் ஓரம் வரைக்கும் சிராய்ப்புகூட இல்லாமல் இருந்தது. மாரி என்று முடிகிற படகுகள் அந்தக் கரையில் எத்தனையோ உண்டு, நான் எழுதியது அந்த ஒன்றுதான். வந்திருந்த அதிகாரி என்னைப் பார்த்து, இது உங்கள் எழுத்தா என்று கேட்டார். கொஞ்சம் தள்ளிப் பெண்களோடு ராசுவின் மனைவி பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தார். ஆமா என்றேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் தேடப் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துவிட்டன.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கலாம்லண்ணே. இன்னும் ரெண்டு நாளு தேடியிருப்பாக."

அதன்பிறகு ஒரு படகுக்கும் என்னால் பெயர் எழுத முடியவில்லை. தூரிகை பலகையில் பட்டதும் கை நின்றுவிடும். எழுதிவைத்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது கூப்பிட்டு, இது உன் எழுத்தா என்று கேட்பார்கள் என்றே தோன்றியது. செல்விக்கு விசா வரும்வரை வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடித்தேன். பஞ்சவர்ணம் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிப் போவார். நானும் அப்படித்தான்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை பத்து மணித் தேநீர் இடைவேளையில் போன் அடித்தது. கையுறையைக் கழற்றி எடுப்பதற்குள் நின்று, மறுபடியும் அடித்தது.

"அண்ணே, பஞ்சவர்ணம் பேசுறேன்."

நான் நலம் விசாரிப்பதற்குள் அவரே தொடர்ந்தார். புது வள்ளம் வந்திருக்கிறதாம், பைபர் படகு. அவர் தம்பி ஓட்டப்போகிறானாம். பெயர் எழுத வேண்டும் என்றார். அங்கே இப்போது பாலு எழுதுகிறானே, நன்றாகத்தான் எழுதுவான் என்றேன்.

"அவன் எழுத்து வேணாம். பள்ளிக்கூடத்துல புள்ளைய முங்குன மாரின்னு கூப்பிடுறாகளாம். யாரு பேரு கேட்டாலும் இப்ப வாயத் தெறக்க மாட்டேங்குறா. அதே பேரு, அதே எழுத்து, கரையில நிக்கணும். எல்லாரும் பாக்கணும்."

"நான் இங்கன இருக்கேனே தாயி."

"எழுதி அனுப்புங்க. பாலு பாத்து எழுதட்டும்."

அவ்வளவுதான். பழையதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சைரன் ஊதியதும் மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டேன். அன்று எத்தனை பெட்டி அடைத்தேன் என்று நினைவில்லை.

பார்த்து எழுதினால் அது பாலுவின் எழுத்தாகத்தான் வரும். என் எழுத்தே வேண்டும் என்றால் படகில் இருக்கப்போகும் அதே அளவில், ஆறடி நீளத் தாளில் எழுதி, கோட்டின் மேல் நெருக்கமாகத் துளைபோட்டு அனுப்ப வேண்டும். அங்கே அதைப் படகின்மேல் ஒட்டி, கரித்தூள் முடிந்த துணியால் தட்டினால் புள்ளி புள்ளியாக என் எழுத்து படகில் இறங்கிவிடும். அப்புறம் வண்ணம் கொடுப்பது யாராக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் எங்கள் வாடகை வீட்டில் ஆறடிக்கு மேசை இல்லை. தரையெல்லாம் கார்ப்பெட், சுவரைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தம். எனக்குத் தெரிந்து நீளமான மேசை அந்தக் கூடத்தில்தான் இருந்தது. இந்தப் புதன்கிழமை நான் காட்டுகிறேன் என்று மார்கரெட்டிடம் சொன்னேன். அன்று அவர் கேக் செய்து எடுத்துவந்திருந்தார்.

ஒன்பது பேர் சுற்றி நின்றார்கள். தாளை விரித்து, நூல் பிடித்து மேல்கோடும் கீழ்கோடும் போட்டேன். பென்சிலை வைத்தேன். ‘மு’ கோணிக்கொண்டு போனது. அழித்தேன். இரண்டாவதும் கோணியது. மூன்றாவது முறை அழித்தபோது மார்கரெட் மெல்ல, இது யாருடைய பெயர், உங்கள் மகளா என்று கேட்டார். நேரத்தை ஓட்டுவதற்காகக் கேட்டாரோ என்னவோ. என்னிடம் இருந்த ஆங்கிலத்தில் சொன்னேன். படகு போய்விட்டது, பெண் இருக்கிறாள், படகு மறுபடி வரவேண்டும் என்று. படகில் எத்தனை பேர் என்று ஆலன் கேட்டார். இரண்டு பேர், ஒருவர் என் சிநேகிதர் என்றேன். நான் சொல்லும் ஆங்கிலம் பெரும்பாலும் இவர்களுக்கு இரண்டாம் முறைதான் விளங்கும். அன்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இதுவும் மீன்பிடி ஊர்தான். ஆலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, துளை எதனால் போடுவீர்கள் என்று மட்டும் கேட்டார். அதற்குப் பின் கை ஓடியது. எப்படி என்று தெரியவில்லை. ‘ரி’யின் வளைவைத் தாளின் விளிம்பு வரை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டேன்.

துளைபோட ஊசி தேடியபோது ஜீன் தன் கம்பளி ஊசிகளை மேசையில் கொட்டினார். அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. தாளின் அடியில் போர்வையை மடித்துப் போட்டு எழுத்துக்கு ஒருவராக நான்கு பேர் உட்கார்ந்தார்கள். மார்கரெட்டுக்கு ‘த்’ வந்தது. மேலே இருக்கும் புள்ளி பென்சில் கறையா, விட்டுவிடலாமா என்று கேட்டார். அது இல்லாவிட்டால் வேறு எழுத்து என்று சொன்னதும், அந்தப் புள்ளியைச் சுற்றி அவ்வளவு கவனமாக வட்டம் குத்தினார். ஜீனுக்கு ‘து’. அவருக்குக் கைநடுக்க நோய் உண்டு. பறவையில் அது தெரியாது, எழுத்தில் தெரியும். துளைகள் கோட்டைவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தன. மார்கரெட் என்னைப் பார்த்தார். நானும் அந்தத் துளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜீன் நிமிரவே இல்லை. பக்கத்தில் தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. தனக்கு வாசிக்கத் தெரியாத ஓர் எழுத்தின் வாலை முக்கால் மணிநேரம் குத்திக்கொண்டிருந்தார். வேறு தாளில் மறுபடி எழுதியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. தெம்பும் இல்லை. ‘ரி’யை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் நானே துளைத்தேன்.

முடித்ததும் பழைய காலுறையில் கரித்தூளைக் கட்டி, சுவரில் இன்னொரு தாளை ஒட்டி, அதன்மேல் துளைத்தாளை வைத்துத் தட்டிக் காட்டினேன். மேல்தாளை எடுத்தபோது முத்துமாரி புள்ளிகளாக நின்றாள். கைதட்டினார்கள். நான் வெளியே போய்க் கதவருகில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். எனக்கென்று ஒரு துண்டு கேக்கை எடுத்து மூடி வைத்திருந்தார்கள்.

துளைத்தாள் தபாலில் போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒருநாள் தேநீர் இடைவேளையில் போனில் ஒரு படம் வந்தது. வெள்ளைப் படகு, சிவப்பு எழுத்து. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் முத்துமாரி. சிரிக்கவில்லை. அம்மா நிற்கச் சொன்னதால் நிற்கிறாள் என்று தெரிந்தது. ஆனாலும் ஒரு கை படகின்மேல், அந்த நீண்ட வளைவின் நுனியில் இருந்தது. கூடவே பஞ்சவர்ணத்தின் குரல்பதிவு.

"நல்லா வந்திருக்குண்ணே. கரைக்கு வந்தவுக எல்லாம் முனியசாமி எழுத்துன்னு சொல்லிட்டாக. புள்ள நேத்து புது வாத்தியாருகிட்ட முழுப்பேரையும் சொன்னாளாம்." பிறகு கேட்டார். "அந்த ‘து’ மட்டும் ஒரு மாதிரி நெளியுது. கை நடுங்குதாண்ணே?"

ஜீனைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று அலுப்பாக இருந்தது. "இங்கன குளிரு தாயி" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கவனமாக இருங்கள், கம்பளி போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. மூன்று வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைக் கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

கரித்தூள் தட்டிப் பார்த்த தாளை மார்கரெட் தூக்கி எறியவில்லை. சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டிவிட்டார். தலைகீழாக. யாருக்கும் தெரியவில்லை, தெரிய வழியும் இல்லை. சொன்னால் அவருக்குச் சங்கடமாகப் போகும். பிறகு அத்தனை பேரும் மன்னிப்புக் கேட்பார்கள். தேவிபட்டினத்தில் அந்தப் பெயர் நிமிர்ந்து நின்று கடலுக்குள் போய் மீனோடு வருகிறது. இங்கே தலைகீழாகத் தொங்குகிறது. ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுந்துபோய்த் திருப்பி மாட்டிவிடலாம் என்று ஒவ்வொரு புதன்கிழமையும் நினைக்கிறேன். எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்த கால் எழ மாட்டேன் என்கிறது. நாற்காலியில் இருந்தபடியே தலையைச் சாய்த்து, கழுத்து வலிக்கும்வரை அதை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.