ஓர் அட்டைக் கனம்

முனுசாமி ஆசாரி போய்விட்டார் என்று திங்கட்கிழமை அஞ்சலட்டை வந்தது. முனைகளில் கறுப்பு தடவியிருந்ததைக் கண்டதுமே சாவுச் செய்தி என்று தெரிந்துவிட்டது. பெயரைப் படிக்கச் சற்று நேரமாயிற்று.

பூந்தமல்லிச் சாலையில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். அவர் இரும்புப் பட்டை போட்ட சக்கரம் கழன்றதாக யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூட வாத்தியாரான நான் அதை நம்பித்தான் என் தொலைநோக்கிக் கண்ணாடியை அவரிடம் கொண்டுபோனேன். பழைய கப்பல் சன்னலின் தடித்த கண்ணாடி அது. ஏழு மாதம் என் கையாலேயே தேய்த்துக் குழித்து, நட்சத்திர ஒளியைக் குவிக்க வெள்ளி பூசியிருந்தேன். அப்போது உலகச் சண்டைக்காலம், உடைந்தால் வேறு கிடைக்காது.

தகரக் குழாயின் அடிப்பலகையில் கண்ணாடியை உட்காரவைத்து, மூன்று இரும்புக் கொக்கிகளால் விளிம்பை இறுக்கினார்.

"இனிமே பூமி அதிர்ந்தாலும் அசையாது வாத்தியாரே."

பொழுது சாய்ந்து முதல் நட்சத்திரம் கிளம்பியதும் என் வீட்டு வாசலில் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். புள்ளியாகத் தெரிய வேண்டியது மூன்று முனையாக இழுபட்டுத் தெரிந்தது. இறுக்கியதில் கண்ணாடி நெளிந்துவிட்டது.

"இதென்ன வண்டிச் சக்கரமா ஆசாரி? ஏழு மாச உழைப்பை நெரிச்சு வச்சிருக்கீரே!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் கருவிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் அவரே வந்தார். "கொக்கி தொடவும் கூடாது, கீழ உடவும் கூடாது. அதானே?" என்றார். என் மேசையிலிருந்த ஓர் அஞ்சலட்டையை எடுத்துக் கொக்கிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகி, அது உரசிக்கொண்டு வெளியே வருமளவுக்குக் கொக்கித் திருகைத் தளர்த்தினார்; ஓர் அட்டைக் கனம்தான் இடைவெளி. மூன்றையும் அப்படியே செய்துவிட்டு, குழாயைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார்.

"வேண்டாம் ஆசாரி. விழுந்தால் போச்சு."

"நம்பிக்கை இல்லன்னா இன்னாத்துக்கு மாட்டிகினு கீறே? சாய்யி."

குழாயின் வாய்க்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்தி உட்கார்ந்தார். சாய்த்தேன். உள்ளே 'டக்' என்றது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

"அது கொக்கில சாஞ்ச சத்தம். நிறுத்தாதே, இன்னும் சாய்யி."

முழுக்கக் கவிழ்த்தேன். கண்ணாடி விழவில்லை. அதன் பிறகும் அவர் ஏந்திய கைகளை உடனே எடுக்கவில்லை.

"ராவெல்லாம் கண்ணு மூடல வாத்தியாரே" என்றார்.

கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு மங்கிவிட்டதால் போன மாதம் கழற்றிப் புதிதாகப் பூசினேன். நேற்று திரும்ப மாட்ட உட்கார்ந்தபோது, மேசையில் அந்தக் கறுப்பு முனை அட்டைதான் கிடந்தது. வேறு தேட மனம் வரவில்லை. மூன்று கொக்கிகளிலும் அதையே செருகி எடுத்தேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த அட்டைக் கனம்தான். பிறகு குழாயைத் தூக்கினேன். கீழே ஏந்த யாரும் இல்லை.

சாய்த்தேன். 'டக்' என்றது. நிறுத்தவில்லை.