மூன்று பெயரில் ஒரு பாத்திரக் கடை

கொழும்பில் எங்களுக்கு மூன்று பாத்திரக் கடைகள். வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று, நுகேகொடையில் ஒன்று. மூன்றுக்கும் அப்பாதான் முதலாளி. ஆனால் அது வெளியில் தெரியக்கூடாது என்பதில் அவர் காட்டிய கவனத்தில் பாதியை வியாபாரத்தில் காட்டியிருந்தால் கண்டியிலும் ஒரு கடை திறந்திருப்போம் என்று நான் குத்திக்காட்டுவதுண்டு. அவர் கோபிப்பதில்லை. கேளாதவர் போல இருந்துவிடுவார்.

வெள்ளவத்தைக் கடைக்கு அம்மாவின் பெயர். கொட்டாஞ்சேனைக் கடைக்கு எந்த இனத்தோடும் ஒட்டாத ஓர் ஆங்கிலப் பெயர். சிங்களவர் கூடுதலாக இருக்கும் நுகேகொடைக் கடைக்குச் சிங்களப் பெயர். கல்லாவில் இருக்கும் மனேஜரும் சிங்களவர்தான். பைகளின் நிறம் வேறு, பில்லின் தலைப்பு வேறு. ஒரு கடையில் இடியப்ப உரல் முடிந்துவிட்டால் மற்றக் கடையிலிருந்து நேரே எடுக்க முடியாது. ஒருகொடவத்தையில் இருக்கும் ஸ்டோருக்குப் போய், அங்கே பெட்டி மாறித்தான் வரவேண்டும். அப்பா நுகேகொடைக்குப் போனால் பின்வாசலால் போவார். முன்வாசலால் போகவேண்டி வந்தால் சாமான் வாங்க வந்தவர் போல நுழைந்து, சிங்களத்தில் பொரிக்கும் தாச்சியின் விலை கேட்டு, சில நாட்களில் வாங்கிக்கொண்டும் வருவார். தன் கடையில் தானே காசு கொடுத்து வாங்கிய தாச்சிகள் எங்கள் வீட்டில் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன.

இதற்கெல்லாம் காரணம் நான் பிறப்பதற்கு முன் நடந்தது. வெள்ளவத்தையில் அப்பா முதன்முதலில் வைத்த கடை தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்தது. அலுமினியச் சட்டிகளெல்லாம் உருகிப் படிக்கட்டால் வழிந்து தெருவோரக் கானுக்குள் போய் உறைந்து கிடந்தனவாம். அதை அலவாங்கால் பெயர்த்து எடுத்துப் பழைய உலோகக்காரனுக்கு விற்றுத்தான் அவரும் அம்மாவும் யாழ்ப்பாணம் போனார்கள். சில வருடங்களில் திரும்பி வந்து அதே தெருவில் மறுபடியும் கடை போட்டார். இரண்டாவது கடையைத் திறந்தபோது வேறு பெயர் வைத்தார். ஏன் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"ஒண்டு எரிஞ்சாலும் மற்றது நிக்கோணும், பிள்ளை."

சின்ன வயதில் இந்த ஏற்பாடு எனக்கு விளையாட்டாக இருந்தது. வளர்ந்து, கணக்கியல் படித்து, கடைக்கு வந்தபிறகு எரிச்சலாகிவிட்டது. கொட்டாஞ்சேனைக் கடைப் பையன்களுக்கே முதலாளி யாரென்று சரியாகத் தெரியாது. வெள்ளவத்தைக் கடையின் புட்டுக்குழல் ஒரு மாதத்தில் கறுத்துவிடும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி விற்றார்கள். இரண்டும் ஒரே பெட்டியில் வந்த குழல்கள். இன்னொரு நாள், வெள்ளவத்தையில் வாங்கிய குக்கரின் ரப்பர் வளையத்தை மாற்ற ஒரு பெண் நுகேகொடைக் கடைக்கு வந்தார். அந்தக் கடைக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று மனேஜர் அவரை அனுப்பிவிட்டார். அது அப்பா போட்ட சட்டம்தான். உள்ளே நின்றிருந்த நான் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். எங்கள் கடையில் எங்களையே நாங்கள் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஓர் இந்தியக் குக்கர் கம்பெனிக்காரர் வந்தார். கொழும்புக்குத் தங்கள் சாமானை எங்களுக்கே தருவதாகவும், ஆனால் மூன்று கடைகளும் ஒரே பெயரில் இருக்கவேண்டும் என்றும் சொன்னார். எனக்கு வேறு என்ன வேண்டும்? எந்தப் பெயர் என்பதில் எனக்கு யோசனையே இருக்கவில்லை. அம்மாவின் பெயர். அம்மா போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது.

அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்.

"கொம்மாவின்ர பேரை நுகேகொடையில கொண்டுபோய்த் தூக்கப் போறியோ?"

நான் விடவில்லை, பிடிவாதம் எனக்கும் அவரிடமிருந்துதான் வந்தது. காலம் மாறிவிட்டது என்றேன். சில வருடங்களுக்கு முன் முஸ்லிம் கடைகளை உடைத்து எரித்ததை அவர் ஞாபகப்படுத்தினார். கொம்பனித்தெருவில் எங்களுக்குச் சாமான் தரும் முஸ்லிம் நானா அந்தக் கிழமை முழுவதும் தன் போர்டுக்கு மேல் படங்கு கட்டிப் பெயரை மூடி வைத்திருந்ததை நானும்தான் பார்த்தேன். ஆனாலும் பயந்து பயந்தே மூன்று கடைகளையும் சாகவிடுவதா என்று கத்தினேன். கடைசியில் அவர் களைத்துப்போய், செய்வதைச் செய் என்றார். ஆனால் நுகேகொடையில் போர்ட் தூக்கும்போது தானும் வரவேண்டும் என்றார்.

அன்று காலை சாமான் ஏற்றும் வானைக் கடைக்கு எதிரே நிறுத்தினோம். அப்பா இறங்கவில்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளே இருந்தார். இரண்டு பேர் ஏணியில் ஏறிப் பழைய போர்டைக் கழற்றினார்கள். புதிய போர்டில் அம்மாவின் பெயர் மூன்று மொழியிலும் இருந்தது. அது பாதி உயரம் போனபோது பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. சிலர் கிட்ட வந்து நின்று பார்த்தார்கள். அதுவரை அப்பாவின் பயத்தைக் கேலி செய்தவள் நான். அந்த நேரம் நானே யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். எதற்கு என்று கேட்கத் துணிவு வரவில்லை.

அப்போது பக்கத்துத் துணிக்கடை முதலாளி தெருவைக் கடந்து நேரே வானுக்கு வந்தார். என்னை விடக் கொஞ்சம் மூத்தவர். நாங்கள் வந்த காலத்தில் அந்தக் கடையை நடத்தியது அவருடைய தகப்பன். வந்தவர் கண்ணாடியில் தட்டினார். அப்பா கண்ணாடியைக் கொஞ்சம் மட்டும் இறக்கினார்.

"அபி தன்னவா, மாத்தயா," என்றார் அவர். எங்களுக்குத் தெரியும் ஐயா என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் சிங்களத்தில் சொன்னார். இது உங்கள் கடை என்பது தொடக்கத்திலேயே இந்தத் தெருவுக்குத் தெரியும். நீங்கள் பின்வாசலால் வருவதும், தாச்சி வாங்கிக்கொண்டு போவதும் தெரியும். அவர் வெள்ளவத்தையில் கடை எரிந்து வந்தவர், ஒருவரும் ஒன்றும் கேட்கக்கூடாது என்று என் தகப்பன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். இப்போதாவது சொந்தப் பெயரைப் போட்டீர்களே, நல்லது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். போர்ட் ஏறியது. பஸ் வந்தது, சனமும் கலைந்தது. ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வரும்போது நான் வென்றுவிட்ட தெம்பில் கதைத்துக்கொண்டே வந்தேன். பார்த்தீர்களா, இத்தனை வருடம் வீணாகப் பயந்தீர்கள் என்றேன். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தைச் சந்தியில் சிக்னலுக்கு நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"அப்ப நாங்கள் ஒளிச்சு இருக்கேல்லை, பிள்ளை. அவையள்தான் எங்களை விட்டு வைச்சிருக்கினம்."



போர்டுகள் மூன்றும் இப்போதும் அப்படியே இருக்கின்றன. வியாபாரம் நன்றாகப் போகிறது. குக்கர் வாங்க நுகேகொடைக் கடையில் சனி ஞாயிறுகளில் இடிபடுகிறார்கள். ரப்பர் வளையத்தை எந்தக் கடையிலும் மாற்றலாம். அப்பா முன்வாசலால் வந்துபோகிறார், ஆனால் அதிகம் வருவதில்லை. நான் ஒவ்வொரு நாளும் போகிறேன். துணிக்கடை முதலாளி காலையில் கையசைப்பார், நானும் அசைப்பேன். அவர் கையசைக்காத ஒரு காலையில் கடைக்குள் போய் இருக்க முடியாமல் தவித்தேன். அவருக்குத் தடிமன் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. சித்திரைப் புதுவருடத்துக்கு அவருடைய வீட்டுக்கு ஆகப் பெரிய குக்கர் ஒன்றை அனுப்பினேன். நல்ல மனிதர், கொடுக்கவேண்டியதுதான், ஆனால் இவ்வளவு பெரியதா என்று என் கணவர் கேட்டார். பயத்தில்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.