கழுத்தில் மாலை இருந்தவரை

முருகையன் ஒரு நாளும் காசு கொடுத்துக் குடித்தவன் இல்லை. அதை அவனே பெருமையாகச் சொல்வான். தேரடிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற வேலை. மலை சுற்ற வருகிறவர்கள் எல்லாரும் விபூதியோடு மட்டும் வருவதில்லை. அவர்கள் காலி செய்த அறைகளில் கட்டிலுக்கடியில் கால் பாட்டில், அரைப் பாட்டில் மிச்சம் கிடக்கும். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்பார்களே, இவன் பினாயில் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த மிச்சத்தைக் குடித்தான். மத்தியானத்துக்குள் சுவரைப் பிடித்து நடப்பான்.

கார்த்திகை பிறந்தால் மட்டும் வேறு ஆள். ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். மனைவி அருணாதேவிகூட 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். சபரிமலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே, கழுதை கெட்டால் குட்டிச்சுவர். "மாலை போட்டா நிறுத்திடறான் இல்ல? அப்போ இது வியாதி இல்ல, திமிரு" என்றார்கள் சொந்தக்காரர்கள். இதைப் பின்னால் கேட்டபோது எனக்கு அவர்கள்மேல்தான் ஆத்திரம் வந்தது.

போன தடவை திரும்பி வந்தவனிடம் அருணாதேவி, "சாமி, கழட்ட வேணாம். அப்படியே இருங்க" என்றாள். அவனும் கழற்றவில்லை. தை போனது, பங்குனி போனது. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு வேலைக்குப் போனான். பாதம் கொப்புளித்தது, பார்த்தவர்கள் சிரித்தார்கள். அறையில் கிடக்கும் பாட்டிலை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வருவான். அவள் மாவு அரைத்து விற்பவள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் இருவரும் உட்கார்ந்து உளுந்து கழுவுவார்கள்.

நான் பலராமன், தையல்காரன். மாதா கோயிலின் பின்புற ஹாலில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிற எங்கள் கூட்டத்தில் ஜமக்காளம் விரிப்பது என் வேலை. குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் உட்கார்ந்து பேசுவோம். அவ்வளவுதான், மருந்து மாத்திரை கிடையாது.

வைகாசியில் ஒரு ஞாயிறு அருணாதேவி தனியாக வந்தாள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து விசாரித்து வந்திருக்கிறாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"இங்க மதம் மாத்துவாங்களாண்ணா?"

"இடம்தாம்மா அவங்களுது. குடிகாரன் எந்த மதமா இருந்தா என்ன?"

அவள் சிரிக்கவில்லை. புருஷனின் குடியையும் மாலையையும் சொல்லி முடித்தாள். "எனக்கு வயித்துல கட்டி. முத்திப்போச்சுனு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுக்காரருகிட்ட அல்சர்னு சொல்லி வெச்சிருக்கேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் செத்தா தீட்டு. மாலையக் கழட்டிடுவாங்க. எங்க ஜனத்துல சாவுனா ஆம்பளைங்களுக்கு சரக்கு வாங்கி வெச்சிடுவாங்க. வெறுங்கழுத்தோட அங்க தனியா நிப்பாருண்ணா. அன்னிக்கு நீங்க யாராச்சும் வருவீங்களா?"

வருவோம் என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் அவனை அனுப்பிவைத்தாள். நாங்கள் ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லி, குடிகாரன் என்று ஒப்புக்கொண்டோம். அவன் முறை வந்தபோது மாலையைத் தொட்டுக் காட்டி, "சாமி சரணம். நான் மாலை போட்டவன். குடிகாரன் இல்ல" என்றான். வாராவாரம் வந்தான், வாராவாரம் அதையே சொன்னான். எனக்குக் கோபம் கோபமாக வரும். மாலைதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று நம்பினான். தார் ரோட்டில் வெந்த காலை அவன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

வீட்டில் அருணாதேவி அவனுக்குச் சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் கற்றுக்கொடுத்தாள். "சாமியே சமைக்கிது" என்று சிரிப்பாளாம். எங்களிடம் வந்து வெட்கத்தோடு சொன்னான்.

ஆடியில் அவள் போய்விட்டாள். பக்கத்து வீட்டு எழிலரசியிடம் என் நம்பரைக் கொடுத்துவைத்திருந்தாள். அந்தப் பெண் போன் செய்ததும் நாங்கள் மூன்று பேர் போனோம். குருசாமி வந்து மாலையைக் கழற்றினார். முருகையனின் கை நெஞ்சில் துளசிமணியைத் தேடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சித்தப்பா முறை உள்ள ஒருவர் டம்ளரோடு வந்தார்.

"குடிடா. இல்லாட்டி இந்தத் துக்கத்த எப்படித் தாங்குவ?"

அவன் வாங்கிவிட்டான். நான் பறிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் என்னைக் கவனித்தான்.

"உங்களுக்கு யாருண்ணா சொன்னது?"

"உன் பொண்டாட்டிதாம்பா. மாலை கழட்டற அன்னிக்கு உன் பக்கத்துல இருக்கணும்னு வைகாசிலயே வந்து கேட்டுட்டுப் போச்சு."

"வைகாசிலயா? அல்சர்னுதானே சொன்னா?" டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் தெரிஞ்சிக்கினுதான் எனக்கு ரசம் வெக்கக் கத்துக்குடுத்துக்கினு இருந்தாளா?"

டம்ளர் சாய்ந்து பாதி மண்ணில் சிந்தியது. மீதியை அவனே கவிழ்த்தான். பிறகு வாய்விட்டு அழுதான். நாங்களும் அழுதோம்.

காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிறு வெறுங்கழுத்தோடு கூட்டத்துக்கு வந்தான். முறை வந்ததும் எழுந்து நின்றான்.

"என் பேரு முருகையன். நான் குடிகாரன்."

உட்காரவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல நின்றான்.

"ரசம் வெச்சுட்டு வந்தேன். உப்பு சரியானு கேக்க ஆள் இல்ல" என்றான்.