ஏழாம் நம்பர் டோக்கன்

பார்வதம்மாவுக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நாற்பத்தாறு வயதில், தன் வயதில் பாதியை இப்போதுதான் தாண்டியிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் பெயர் ஷில்பா. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

கேஜிஎஃப் தங்கவயலில், நந்திதுர்க் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பார்வதம்மா தையல் டீச்சர். வாரத்துக்குப் பன்னிரண்டு பீரியட்தான். பீரியட் குறைவாக உள்ளவர் தலையில்தான் பள்ளிக்கூடத்தின் மிச்ச வேலையெல்லாம் வந்து விழும். 1991இல் தலைமையாசிரியர் ஏனோக் அவளைக் கூப்பிட்டு, "கால் முடியாத பசங்க, காது கேக்காத பசங்க, கண்ணு தெரியாத பசங்க, எல்லாரையும் நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். போலியோ வந்த பிள்ளை படிக்கும் வகுப்பை மாடியிலிருந்து கீழே இறக்க வைத்தாள். காதில் மிஷின் வைத்த பையனை முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும் கணக்கு வாத்தியாரோடு சண்டை போட்டாள். பார்வையில்லாத பிள்ளை சொல்லச் சொல்லப் பரீட்சை எழுத ஆள் வைக்கவேண்டும் என்றால் அதற்கு அனுமதி வேண்டும். அதற்காகக் கோலாருக்கு பஸ் ஏறிப் போய், "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால் நாளைக்கும் போய் நின்றாள்.

அவளுடைய அப்பா தசரதன் தங்கச் சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்தவர். கீழே இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போவான். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். மற்றபடி சாதுவான தசரதன் ஒரு விஷயத்தில் மட்டும் முரடர். ஒருவன் டோக்கனை இன்னொருவன் நீட்டினால் வாங்கமாட்டார். "அவன வரச் சொல்லு" என்பார். இதற்காக ஒரு முறை அடிதடி வரை போய்ச் சட்டை கிழிந்தது. அப்போதும் வாங்கவில்லை.

கழித்துப் போட்ட பழைய டோக்கன்கள் பன்னிரண்டு அவரிடம் இருந்தன. பார்வதம்மா அவற்றை எடுத்துப் போய்த் தையல் அறையில் ஒரு பலகை அடித்து ஆணி வைத்தாள். காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் டோக்கனை எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வந்ததும் தன் கையால் மாட்டிவிட்டுப் போகும். பன்னிரண்டும் ஏறாமல் பார்வதம்மா தையல் அறையைப் பூட்டமாட்டாள். அவள் வந்து சொல்லாமல் வாட்ச்மேன் தங்கவேலு வராந்தாவின் கிரில் கதவைச் சாத்தமாட்டார். வீட்டில் தசரதன் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"இன்னாமா, எல்லாம் மேல வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

அதற்குப் பிறகுதான் காபி.

ஏழாம் நம்பர் வின்னியுடையது. எட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் பார்வை போன பெண். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா மாணிக்கராஜ் பெமல் ஃபேக்டரியில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் மிதித்து வருவதற்குள் ஐந்து மணி ஆகிவிடும். பள்ளியோ நாலேகாலுக்கு விட்டுவிடும். மற்றவர்கள் போன பிறகு அந்த முக்கால் மணி நேரம் பார்வதம்மாவும் வின்னியும் மட்டும் தையல் அறையில் இருப்பார்கள். பார்வதம்மா பாடத்தை உரக்கப் படிப்பாள். வின்னி ஒரு தடவை கேட்டதை வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். நாலு வருஷம் இப்படி ஓடியது. கல்யாணம், குழந்தை என்று எதுவும் அமையாத பார்வதம்மா அந்த முக்கால் மணி நேரத்தைத் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்ட மாதிரி வைத்திருந்தாள்.

1999 ஜூனில் ஷில்பா வந்தாள். பெமல் குவார்ட்டர்ஸில் வளர்ந்த இன்ஜினியர் மகள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே பெங்களூரில் படித்துவிட்டு, அரசுத் திட்டத்தில் வேலைக்கு வந்தவள். ஸ்கூட்டியில் வந்தாள். பிரெய்ல் எழுதும் சட்டம், குத்தூசி, தடித்த காகிதக் கட்டு எல்லாம் கொண்டு வந்தாள். வராந்தாவின் கடைசி அறையைச் சுத்தம் செய்து தன்னுடையதாக்கிக்கொண்டாள். டோக்கன் பலகையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், சூப்பர் சிஸ்டம் இது. எங்க ட்ரெய்னிங்ல கூட இப்படி ஒண்ணு சொல்லித்தரல" என்றாள். உண்மையாகவே சொன்னாள். பார்வதம்மாவுக்கு அது கேலியாகவே கேட்டது. பொறாமை பிடித்த காதுக்குப் பாராட்டும் அப்படித்தான் கேட்கும்.

ஆறு மாதத்தில் வின்னி விரலால் படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கத்தைப் படித்த அன்று மாணிக்கராஜ் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். ஏனோக் காலைக் கூட்டத்தில் ஷில்பாவை மேடைக்கு அழைத்துக் கை தட்ட வைத்தார். பார்வதம்மாவும் தட்டினாள். ஒன்பது வருஷமாகக் கோலாருக்கும் கேஜிஎஃப்புக்கும் அலைந்தபோது தனக்காக யார் தட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டே தட்டினாள்.

அந்த முக்கால் மணி நேரமும் போயிற்று. நாலேகால் ஆனதும் வின்னி சுவரைத் தடவிக்கொண்டு கடைசி அறைக்குப் போய்விடுவாள். பார்வதம்மா பலகைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தபடி இருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். அப்படி என்னதான் சிரிப்போ. சமூக அறிவியலில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கோபம் வரும். போதாக்குறைக்கு, பிப்ரவரியில் ஒரு வாரம் இரண்டு நாள் ஷில்பா வின்னியை ஸ்கூட்டியிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டாள். இரண்டு நாளும் வின்னி தையல் அறைக்கு வந்து, தன் கையால் டோக்கனை மாட்டிவிட்டு, "மிஸ்ஸோட வண்டில போறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தச் சந்தோஷக் குரல் பார்வதம்மாவின் காதிலேயே நின்றது.

அதே வாரம் இன்னொன்று. வின்னியின் யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. "டீச்சர், இத கொஞ்சம் தெச்சுக் குடுங்களேன், டோக்கன் உழுந்துடுது" என்று கேட்டாள். ஐந்து நிமிஷ வேலை. பார்வதம்மாவோ, "நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். நாளைக்கும் அதையே சொன்னாள். எல்லாம் அந்த மிஸ் செய்கிறாளே, இதையும் அவளே செய்யட்டும் என்று மனசுக்குள் ஒரு குரூரம். அதனால் வின்னி நாலேகாலுக்குக் கடைசி அறைக்குப் போகும்போது டோக்கனைத் தையல் மேஜைமேல் வைத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும்போது வந்து மாட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வைத்தாள். வைத்துவிட்டு, "டீச்சர், இனிமே எனக்காக நீங்க உக்காந்துக்கினு இருக்க வேணாம். அதான் மிஸ் இருக்காங்களே. உங்களுக்குக் கஷ்டம்" என்றாள். பிள்ளை கரிசனமாகத்தான் சொன்னது. பார்வதம்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

நாலரை தாண்டியதும் ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பார்வதம்மா ஜன்னலுக்கு வருவதற்குள் வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பிவிட்டது. புழுதிதான் தெரிந்தது. பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியும் இருக்கவில்லை. இன்றைக்கும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள், இன்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். பத்து அடி நடந்து கடைசி அறையை எட்டிப் பார்த்திருக்கலாம். அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஆறு மாதமாக ஒரு வைராக்கியம்.

மேஜைமேல் ஏழாம் நம்பர் கிடந்தது. எடுத்தாள். "போ, அவளோடயே போ" என்று வாய்விட்டுச் சொல்லி ஆணியில் மாட்டினாள். கதவைப் பூட்டிச் சாவியைத் தங்கவேலுவிடம் கொடுத்து, "எல்லாம் மேல வந்தாச்சு" என்றாள். அவர் கிரில் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டார்.

வீட்டில் தசரதன் கேட்டார். "வந்துச்சுப்பா" என்றாள். காபி போட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு மாணிக்கராஜ் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். "டீச்சர், வின்னி இங்க வந்துச்சா?"

பள்ளியில் தங்கவேலு, எல்லா டோக்கனும் ஏறிவிட்டது, பிள்ளை மிஸ்ஸோடு வண்டியில் போயிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் இல்லை. ஷில்பாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனால் அவளே இன்னும் வீடு திரும்பவில்லை. கோரமண்டல் ஸ்டேஷன் ரோடு முழுக்கத் தேடிவிட்டு இங்கே வந்திருக்கிறார்.

தசரதன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"டோக்கன் ஏறிச்சுன்னியே. அந்தப் பொண்ணா மாட்டுச்சு?"

அவர் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுபத்தெட்டு வயதில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவரும் கிளம்பினார்.

பள்ளிக் கேட்டில் ஷில்பா நின்றுகொண்டிருந்தாள். கல்வி அலுவலகத்துக்கு ஒரு ஃபைலை உடனே கொண்டுபோய்க் கொடுக்கும்படி தலைமையாசிரியர் அனுப்ப, வின்னியிடம் ஒரு மாதிரித் தேர்வைக் கொடுத்து, "முடிச்சிட்டு டீச்சர் ரூமுக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வந்து வீட்டில் விஷயம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். ஏனோக்கும் வந்துவிட்டார். தங்கவேலு பூட்டைத் திறந்தார்.

கடைசி அறையில் வின்னி உட்கார்ந்திருந்தாள். முன்னால் குத்தி முடித்த காகிதங்கள் அடுக்காக இருந்தன. மாணிக்கராஜ் அவளைக் கட்டிக்கொண்டார்.

"பயந்துட்டியாமா?"

"இல்லப்பா. டீச்சர் ரூம் பூட்டியிருந்துச்சு. பக்கத்துல எங்கயோ போயிருக்காங்க போலன்னு திரும்பி வந்து உக்காந்துட்டேன். என் டோக்கன் இன்னும் மாட்டலயே. டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கமாட்டாங்க."

மாணிக்கராஜின் பயமெல்லாம் இப்போது கோபமாகி ஷில்பா பக்கம் திரும்பியது. "கண்ணு தெரியாத பிள்ளைய உட்டுட்டுப் போவீங்களா மிஸ்? இதான் படிச்சுட்டு வந்தீங்களா?" ஏனோக்கின் முகமும் இறுகியது. ஷில்பா தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான் சார். நான் கூடவே இருந்திருக்கணும்" என்றாள்.

பார்வதம்மா சும்மா நின்றிருந்தாலே போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். திங்கட்கிழமையே ஷில்பாவின் பேரில் ரிப்போர்ட் போகும். கடைசி அறை காலியாகும். முக்கால் மணி நேரம் திரும்பி வரும். இதெல்லாம் அவள் மனசில் ஓடவில்லை என்று சொன்னால் பொய். ஓடியது, நன்றாகவே ஓடியது. தசரதன் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவர் மகளைப் பார்க்கக்கூட இல்லை.

"மிஸ் மேல தப்பில்ல" என்றாள் பார்வதம்மா. "வின்னி டோக்கன நான்தான் மாட்டினேன். மிஸ்ஸோட வண்டில போயிட்டான்னு நெனச்சு, பொறாமைல மாட்டினேன். எட்டிக்கூடப் பாக்கல."

வின்னி அப்பாவின் பிடியிலிருந்து மெல்ல விலகி, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"நீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை ஏனோக் பொறுப்பை ஷில்பாவுக்கு மாற்றி எழுதினார். பலகை அப்படியே இருக்கட்டும், டீச்சரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஷில்பாதான் கேட்டு வாங்கினாள். அதற்கும் பார்வதம்மாவுக்கு எரிச்சல் வந்தது. ஒரே நாளில் குணம் மாறிவிடுமா என்ன. அன்று மதியம் வின்னியைக் கூப்பிட்டு, பாக்கெட்டை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். வின்னி விரல் விட்டுத் தடவிப் பார்த்து, "தேங்க்ஸ் டீச்சர்" என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். டோக்கனைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. பாக்கெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, "இது எங்கிட்டயே இருக்கட்டும் டீச்சர்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பார்வதம்மாவால் தாங்கியிருக்க முடியும். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை அந்த டோக்கன் ஆணிக்குத் திரும்பவில்லை. ஆணி காலியாக இருந்தால் பூட்டக் கூடாதே. அதனால் பார்வதம்மா தினமும் கேட் வரை நடந்து போய், வின்னி அப்பாவின் சைக்கிளில் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பூட்டினாள்.

வின்னி முதல் வகுப்பில் பாஸ் செய்தாள். ஜூனில் பெங்களூர் ஹாஸ்டலில் பி.யூ.சி. சேர்ந்தாள். கிளம்புவதற்கு முன் ஷில்பாவைப் பார்க்கக் கடைசி அறைக்கு வந்தாள். தையல் அறை வாசலிலும் நின்று, "போயிட்டு வரேன் டீச்சர்" என்றாள். டோக்கனைப் பற்றி அவளும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது தசரதன் வழக்கம்போலக் கேட்டார்.

"இன்னாமா, எல்லாம் மேல வந்துச்சா?"

பார்வதம்மா பையை ஓரமாக வைத்தாள். காபிப் பாத்திரத்தை எடுக்கவில்லை.

"ஏழு வரலப்பா" என்றாள்.